பசியறியாப் பாணர்: ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்’ விளையாட்டுலகின் பயணக் குழுக்களும் ஆற்றுப்படை மரபும்

முன்னுரை

கணினி விளையாட்டைத் தமிழாய்வின் பொருளாகக் கொள்வது இன்னும் பலருக்கு ஐயத்துக்குரிய செயலாகவே உள்ளது. அந்த ஐயத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. விளையாட்டுகளைப் பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் வியப்புரைகளாகவோ கண்டனங்களாகவோ முடிந்துவிடுகின்றன. எனினும், ஊர்விட்டு ஊர் செல்லும் கலைஞர் குழு, வணிகச் சாத்து, குடிபெயர்வோர் கூட்டம், படை ஆகியவற்றை ஓர் உலகம் முழுவதும் நடமாடவிட்டு, அவற்றின் வரலாற்றை நூற்றாண்டுக் கணக்கில் பதிந்துவைக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. பாணரையும் உமணரையும் பயிலும் ஒரு துறை அதனைக் கவனியாமல் கடந்து செல்லுதல் தகாது.

‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்’ என்னும் அவ்விளையாட்டு, டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்னும் அமெரிக்கச் சகோதரர் இருவரின் படைப்பு. அவர்களுள் டார்ன் ஆடம்ஸ் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 2006 ஆகஸ்டில் முதன்முதலாகப் பொதுவெளிக்கு வந்த இவ்விளையாட்டு, மலை, ஆறு, விலங்கு, மாந்தர் ஆகிய அனைத்தையும் எழுத்துக்குறிகளாலேயே காட்டியது. வரைகலை வடிவம் 2022 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் தன் சேகரிப்பில் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட 14 கணினி விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று.

இவ்விளையாட்டுலகில் பயணக் குழுக்கள் இயங்கும் முறையை விளக்கி, அம்முறையைச் சங்க இலக்கியத்தின் ஆற்றுப்படை மரபோடு வைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம். இரண்டுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று கூறுவதும் நோக்கமன்று. பயணம் செய்யும் மாந்தரை எவ்வகைப்பாட்டில் அடக்குகிறோம் என்பதே அவர்களைப் பற்றி நாம் அறியக்கூடியதன் எல்லையை வகுக்கிறது என்பது கட்டுரை முன்வைக்கும் கருத்து. அக்கருத்தைச் சோதிக்க இவ்விளையாட்டு நல்லதொரு களம்.

உலகும் அதன் குழுக்களும்

விளையாட்டைத் தொடங்கியவுடன் கணினி ஓர் உலகத்தை ஆக்குகிறது. அவ்வுலகம் 17×17 கட்டங்கள் கொண்ட சிறுநிலமாகவும் இருக்கலாம். 257×257 கட்டங்கள் கொண்ட பெருநிலமாகவும் இருக்கலாம். மலை, மழை, ஆறு, காடு ஆகியன முதலில் அமைகின்றன. பின்னர்க் குள்ளர், மனிதர், எல்ஃப், காப்ளின் முதலிய இனங்களின் குடிகள் தோன்றுகின்றன. விளையாடுபவர் விரும்பும் அளவுக்கு அவ்வுலகின் வரலாறு ஓடுகிறது. பிறப்பு, மணம், போர், இறப்பு, ஊர் அமைதல், ஊர் அழிதல் யாவும் பதிவாகின்றன. வரலாறு நின்றபின் விளையாடுபவர் ஒரு கோட்டையை அமைத்து ஆளலாம். அல்லது ஒற்றை வீரனாக அவ்வுலகில் பயணம் செய்யலாம்.

கோட்டையை ஆள்பவர் காணும் முதல் பயணக் குழு வணிகச் சாத்து. தொடர்புள்ள இனங்களின் சாத்துகள் பருவம் தவறாமல் வருகின்றன: எல்ஃப் இனத்தார் இளவேனிலிலும், மனிதர் கோடையிலும், தாய்நாட்டுக் குள்ளர் இலையுதிர் காலத்திலும் வருவர். குள்ளரும் மனிதரும் வண்டிகளோடு வருவதுண்டு. பண்டமாற்றுக் களம் வரை மூன்று கட்ட அகலத்துக்குத் தடையற்ற பாதை இல்லையெனில் அவ்வண்டிகள் உள்ளே வர இயலாது. எல்ஃப் இனத்தார்க்கு வண்டி இல்லை; பொதிவிலங்குகளே உண்டு. மரத்தால் ஆன பொருளை அவர்களிடம் விலையாக நீட்டினால் சினந்து வணிகத்தை முறித்துவிடுவர். குள்ளர் சாத்தோடு ஒரு தூதுவரும் வந்து, அடுத்த ஆண்டு எவ்வெப் பொருள் வேண்டும் என்று கேட்டுச் செல்வார்.

இச்சாத்து பண்டத்தை மட்டும் சுமந்து செல்வதில்லை. செய்தியையும் சுமந்து செல்கிறது. கோட்டையின் செல்வநிலை பற்றி வணிகர் கொண்டுசேர்க்கும் செய்தியைப் பொறுத்தே தாய்நாட்டிலிருந்து குடிபெயர்வோர் வருகின்றனர். முதல் இரு கூட்டங்கள் கோட்டையின் நிலை எதுவாயினும் வந்துசேரும். அதன்பின் வருவோரின் எண்ணிக்கையைப் புகழே முடிவு செய்கிறது. சாத்து வழியில் மடிந்தால் செய்தியும் மடியும். வணிகரையும் குடிபெயர்வோரையும் இவ்வாறு இணைத்த அமைப்பு நுட்பமானது. புகழ் என்பது காற்றில் பரவுவதன்று, கால்நடையாகச் சென்றோர் வாயால் பரவுவது என்னும் உண்மை அதில் அடங்கியுள்ளது.

2014இல் வெளிவந்த பதிப்பு இவ்வுலகின் இயல்பையே மாற்றியது. அதற்கு முன், விளையாட்டு தொடங்கியதும் கோட்டைக்கு வெளியே உள்ள உலகம் பெரும்பாலும் உறைந்து நின்றது. அதன்பின் படைகளும் பிற குழுக்களும் உலகப்படத்தில் தாமாகவே நகரலாயின, இரவில் பாசறை அமைத்துத் தங்கின, ஊர்களைக் கைப்பற்றின. நிகழ்ச்சியைக் கண்டவர் வாய்வழியாகச் செய்தி பரவும் முறையும் அப்போதே சேர்ந்தது.

2015 டிசம்பரில் வந்த பதிப்பே தமிழாய்வுக்கு மிகவும் நெருக்கமானது. மதுக்கூடம், நூலகம், கோயில் ஆகிய பொதுவிடங்கள் அதில் இடம்பெற்றன. அவற்றோடு, பாடுவோர், ஆடுவோர், கவி சொல்வோர் ஆகியோர் சேர்ந்து அமைக்கும் நாடோடிக் கலைக்குழுக்களும் தோன்றின. இக்குழுக்களுக்குத் தனிப்பெயர் உண்டு. தோன்றிய ஆண்டு உண்டு. உறுப்பினர் வரலாறு உண்டு. ஒரு கோட்டையில் மதுக்கூடம் திறந்து, வெளியூரார் வரலாம் என இசைவு தந்தால் இவர்கள் வருவர். சில காலம் ஆடிப்பாடிப் பிறிதோர் ஊருக்குச் செல்வர். விரும்பினால் அங்கேயே தங்கிக் கலை நிகழ்த்த விண்ணப்பிப்பர். நெடுநாள் தங்கியோர் குடியுரிமையும் கேட்பர். கோட்டையின் தலைமை அவ்விண்ணப்பத்தை ஏற்கலாம், மறுக்கலாம்.

2017இல் கோட்டையிலிருந்து படைப்பிரிவுகளை வெளியூர்களுக்கு அனுப்பும் வசதியும், 2020இல் கூலிப்படைக் குழுக்கள், சமயக் குழுக்கள், தொழிற்கழகங்கள் ஆகியனவும் சேர்ந்தன. இவ்வாறு ஒவ்வொரு பதிப்பிலும் உலகின் வழிகளில் நடப்போரின் வகை பெருகியே வந்துள்ளது.

எல்லாம் படையே

வகை பெருகிய இடத்தில் ஒரு வியப்பும் உண்டு. இவ்விளையாட்டின் தரவுக் கட்டமைப்பை ஆராய்ந்து ஆவணப்படுத்தியுள்ள டிஎஃப்ஹேக் என்னும் திறந்த மென்பொருள் முயற்சியின் ஆவணங்களில், உலகப்படத்தில் நகரும் குழுவுக்குரிய அலகு ‘ஆர்மி’, அதாவது படை, என்றே வழங்குகிறது. முற்றுகையிட வரும் காப்ளின் கூட்டம் அவ்வலகிற்குள் அடங்குகிறது. விளையாடுபவர் தம் வீரனோடு உலகப்படத்தில் விரைந்து செல்லும்போது அவ்வீரனின் பயணமும் அதே அலகிற்குள் அடங்குகிறது. ஆளற்ற நெடுவழியில் தனியே செல்லும் ஒருவன், மென்பொருளின் கணக்கில், ஓராள் படை.

நிரலாக்கத்தின் நோக்கில் இதில் பிழை ஏதும் இல்லை. ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குச் செல்லும் கூட்டத்துக்கு இருப்பிடம், இலக்கு, உறுப்பினர் பட்டியல் ஆகிய மூன்றும் வேண்டும். படைக்கு ஆக்கிய அலகே பிறவற்றுக்கும் போதும். ஆயினும் பெயர் வெறும் பெயரன்று. எதனை முன்மாதிரியாகக் கொண்டு ஓர் அலகு அமைக்கப்பட்டதோ, அதன் தேவைகளே எல்லாக் குழுக்களின் தேவைகளாகவும் கணக்கிடப்படும். படை என்னும் முன்மாதிரி இலக்கைக் கேட்கும். எதிர்ப்பட்டவர் நண்பரா பகைவரா என்று கேட்கும். ஏன் புறப்பட்டாய், வழியில் எதை உண்டாய், யார் உனக்கு வழி சொன்னார் என்னும் வினாக்கள் அதற்கு முதன்மையானவை அல்ல.

தமிழ் மரபு இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து தொடங்குகிறது. தொல்காப்பியப் புறத்திணையியல் கூத்தர், பாணர், பொருநர், விறலியர் எனப் பயணக் கலைஞரைப் பிரித்தே கூறுகிறது. உப்பு வண்டியோடு குடும்பமாகச் செல்லும் உமணர் வேறு. பொதிசுமந்த கழுதைகளோடு செல்லும் வணிகச் சாத்தினர் வேறு. இருவரையும் பெரும்பாணாற்றுப்படை ஒரே நெடுவழியில் காட்டினும், ஒரே பெயரில் அடக்குவதில்லை. செய்யும் தொழிலும் சுமக்கும் பொருளும் நாடிச்செல்லும் நோக்கமும் பெயரை நிறுவுகின்றன. ‘ஆற்றுப்படை’ என்னும் சொல்லில் உள்ள ‘படை’ போர்ப்படையைக் குறிக்காமல் வழியில் செலுத்துதலைக் குறிப்பதும் இவ்விடத்தில் நினையத்தக்கது.

பசி என்னும் காரணம்

விளையாட்டுலகின் கலைக்குழு ஏன் பயணம் செய்கிறது? பயணம் செய்வது அதன் இயல்பு என வகுக்கப்பட்டிருப்பதே விடை. அக்குழுவினர் வறியவராய்ப் புறப்படுவதில்லை. செல்வராய்த் திரும்புவதும் இல்லை. கோட்டையின் மதுக்கூடத்தில் அவர்களுக்குக் குடிக்கக் கிடைக்கும். அறை ஒதுக்கியிருந்தால் உறங்க இடமும் கிடைக்கும். ஆடியதற்கும் பாடியதற்கும் ஈடாகப் பொருள் தரும் முறைமை, அதாவது பரிசில், அவ்வுலகின் இயக்கத்தில் இல்லை. கேட்டோர் மனநிலை சற்று மேம்படும், அத்தோடு முடிந்தது.

உலகப்படத்தில் நகரும் குழுக்களுக்கு உணவுக் கையிருப்பு பற்றிய கணக்கும் இல்லை. கோட்டைக்குள் வாழ்வோர் பசியாலும் விடாயாலும் மடியும் அளவுக்கு நுணுக்கமாகக் கணக்கிடும் இவ்விளையாட்டு, அவர்களே படையாகத் திரண்டு வெளியேறியவுடன் அக்கணக்கைக் கைவிடுகிறது. வீரப்பயணத்தில் விளையாடுபவரின் பாத்திரத்துக்குப் பசியும் நீர்வேட்கையும் உண்டு; உடன்வரும் துணைவர்க்கு அத்தேவை இல்லை. ஆகவே அவ்வுலகில் பசி என்பது தங்கியிருப்போரின் நோய். வழிநடப்போரைத் தீண்டாத நோய்.

சங்கப் பாடல்களின் உலகில் நிலைமை தலைகீழானது. சிறுபாணாற்றுப்படையில் வரும் குடும்பம், உப்பின்றி வேகவைத்த வேளைக்கீரையைப் பிறர் காணாதவாறு கதவடைத்து உண்கிறது. அவ்வறுமை பாட்டின் அழகுக்காகச் சேர்த்த ஓவியம் மட்டுமன்று. பயணத்தின் தோற்றுவாயும் அதுவே. அதனை நீக்கினால் பாணன் புறப்படக் காரணம் இல்லை; வள்ளலின் கொடைக்குப் பொருள் இல்லை; எதிர்வருவோனுக்கு வழிகூறும் தேவையும் இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் எயினர், இடையர், உழவர், வலைஞர் என ஒவ்வொரு குடியினரும் தத்தம் நிலத்தின் உணவைத் தருவதாக வரும் பகுதிகள், பயணத்தின் நிலவியலை உணவின் நிலவியலாகவே வரைகின்றன. எந்நிலத்தைக் கடந்தான் என்பதை எதை உண்டான் என்பது கொண்டே அறியலாம்.

விளையாட்டில் விருந்தோம்பல் அறவே இல்லை என்று கூறவியலாது. அது வேறொரு வடிவில், சில வேளைகளில் நகைப்புக்குரிய வடிவில், வெளிப்படுகிறது. மதுக்கூடப் பணியாளராக அமர்த்தப்பட்டவர் ஓயாமல் மது வார்த்துக்கொண்டே இருப்பதால், வந்த கலைஞர் மிகுதியாகக் குடித்து இறந்துபோவது இவ்விளையாட்டை ஆடுவோர் நன்கறிந்த நிகழ்ச்சி. கொடுப்போர்க்கு அளவும் தெரியாது. பெறுவோர்க்குத் தேவையும் இல்லை. பசி கணக்கில் இல்லாத இடத்தில் விருந்தோம்பல் வெறும் ஊற்றலாகச் சுருங்குகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

வழி கூறும் முறை

வீரப்பயணத்தில் செல்பவர் எதிர்ப்படும் மாந்தரிடம் வழி கேட்கலாம். இன்ன ஊர் எங்கே, இன்னார் எங்கே உள்ளார் என்று வினவினால், அறிந்தவர் திசையையும் தொலைவையும் கூறுவர். அவ்விடம் விளையாடுபவரின் குறிப்பேட்டில் பதிவாகிவிடும். அறியாதவர் அறியேன் என்பர். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தான் அறிந்த உலகம் என்று ஓர் எல்லை இருப்பது பாராட்டத்தக்க நுட்பம்.

ஆற்றுப்படுத்தலின் மிகச் சிறிய வித்து இதில் உள்ளது எனலாம். ஆயினும் திசையும் தொலைவும் மட்டும் வழியாகிவிடுவதில்லை. 583 அடிகளைக் கொண்ட மலைபடுகடாத்தில் வழிகூறுவோன் தரும் செய்திகளை எண்ணிப் பார்த்தால் வேறுபாடு புலனாகும். தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும், பாசி படர்ந்து வழுக்கும் பாறையில் எதைப் பற்றிக்கொண்டு நடக்க வேண்டும், பாம்புறையும் இடத்தை எவ்வாறு கடக்க வேண்டும், எக்குடியிருப்பில் எவ்வாறு தம்மை அறிவித்துக்கொண்டால் உணவு கிடைக்கும் என்று அவன் கூறிச் செல்கிறான். தான் நடந்த வழியின் இடர்களையும் உதவிகளையும் பின்வருவோனுக்குக் கையளிக்கிறான். அவன் தருவது பட்டறிவு. வரைபடம் அதில் ஒரு சிறு பகுதி.

விளையாட்டுலகில் இத்தகைய கையளிப்புக்கு இடமிருந்தும் அது நிகழ்வதில்லை. ஒரு குழு எவ்வழியில் தாக்குண்டது, எக்காட்டில் எவ்விலங்கு உலவுகிறது என்பன அவ்வுலகின் பதிவில் உள்ளன. முந்தைய பதிப்புகளில், துணையின்றி இரவில் செல்வோரைச் சூழ்ந்து தாக்கும் போகிமேன் என்னும் பேயுருக்கள் இருந்தன; ஒரு துணைவர் உடனிருந்தாலே அவை அணுகா. பிற்காலப் பதிப்பில் அவை தீய நிலப்பகுதிகள் சிலவற்றுக்குள் ஒடுக்கப்பட்டன. குழுவாகச் செல்வதன் பயனை இதனினும் செறிவாகக் காட்டுதல் அரிது. ஆனால் ஒரு கலைக்குழு மற்றொரு கலைக்குழுவை வழியிடை நிறுத்தி, இவ்வழி செல்லாதே, அவ்வழி செல், இன்னாரைக் காண் என்று கூறுவதில்லை. குழுக்கள் ஒரே வழியில் நடக்கின்றன, ஒன்றையொன்று ஆற்றுப்படுத்துவதில்லை.

இலக்கணம் உண்டு, பாட்டு இல்லை

இவ்வுலகின் கலைஞர் எதைச் சுமந்து செல்கின்றனர் என்பதும் ஆராயத்தக்கது. ஒவ்வொரு குடிக்கும் உரிய கவிதை வடிவம், இசை வடிவம், ஆடல் வடிவம், இசைக்கருவி ஆகியவற்றைக் கணினியே ஆக்குகிறது. ஒரு கவிதை வடிவம் இத்தனை அடி, இத்தனை சீர், இவ்வடியில் உவமை, இப்பொருள் பற்றியது, இத்தகைய உணர்வுடையது என விரிவாக வகுக்கப்படுகிறது. இசை வடிவத்துக்கு அளவைச் சுரங்களும் தாளமும் வகுக்கப்படுகின்றன. கலைக்குழுவினர் ஊரூராகச் சென்று நிகழ்த்துவதால் இவ்வடிவங்கள் பிறரால் கற்கப்பட்டு, தோன்றிய நிலத்தைக் கடந்து பரவுகின்றன. ஒரு யாப்பு வடிவம் நாடோடிகளின் காலடியோடு பயணம் செய்வதை இயங்கும் அமைப்பாகவே காட்டியிருப்பது, யாப்பியல் பரவலைப் பற்றிச் சிந்திப்போர்க்கு உண்மையிலேயே பயனுடையது.

எனினும் அக்கவிதைகளுள் ஒன்றின் ஓர் அடியைக்கூட எவரும் படிக்க இயலாது. ஏனெனில் அடி என்று ஒன்று எழுதப்படவே இல்லை. கவிதைக்குத் தலைப்பு உண்டு, இயற்றியவர் உண்டு, அதன் தரம் பற்றிய மதிப்பீடும் உண்டு. பாட்டு மட்டும் இல்லை. இலக்கியத்திலிருந்து இலக்கணம் பிறக்கும் என்பது தமிழ் மரபின் கோட்பாடு. இங்கே இலக்கியமே இல்லாத இலக்கணம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்கிறது. பரிசில் பெறும் தகுதி பாட்டுக்கே உரியது என்றால், பாட்டு இல்லாத உலகில் பரிசில் இல்லாதது ஒருவகையில் முறையே எனலாம்.

தொலைந்தோரின் பதிவு

இதுவரை கூறியன விளையாட்டின் குறைகளாகத் தோன்றலாம். பத்துப்பாட்டை அளவுகோலாகக் கொண்டு ஒரு விளையாட்டை அளப்பது முறையா என்னும் தடையும் எழலாம். அத்தடைக்கு விடை, அளவுகோலை மறுபுறம் திருப்பிப் பார்ப்பதில் உள்ளது. விளையாட்டு கேட்கும் சில வினாக்களுக்குச் சங்கத் தொகையிடம் விடை இல்லை.

ஆற்றுப்படை என்பது பரிசில் பெற்றவனின் வாக்கு. பெற்று மீள்பவனே வழிகூறும் தகுதியுடையவன். வள்ளலை அடையாமலே வழியில் மாண்ட பாணன் எவரையும் ஆற்றுப்படுத்தவியலாது. அவனைப் பற்றி எவரும் பாட்டு இயற்றவும் இல்லை. பரிசில் நீட்டித்தமையால் வருந்தியோரும், மதியாது தந்த பரிசிலை மறுத்த பெருஞ்சித்திரனார் போன்றோரும் புறநானூற்றில் உள்ளனர் என்பது உண்மை. எனினும் அவர்கள் வாயில்வரை சென்றடைந்தோர். வாயிலை அடையாதோரின் எண்ணிக்கையை நாம் அறியோம். எனவே ஆற்றுப்படை காட்டும் நெடுவழி, கடந்து மீண்டோரின் நெடுவழி மட்டுமே.

இவ்விளையாட்டின் வரலாற்றுப் பகுதியில் மீளாதோர்க்கும் இடம் உண்டு. ஒரு கலைக்குழு எந்த ஆண்டில் தோன்றியது, அதன் உறுப்பினருள் யார் எங்கே எதனால் கொல்லப்பட்டார் என்பன வென்றோர் தோற்றோர் வேறுபாடின்றிப் பதிவாகின்றன. எவரும் படிக்காமற்போகும் வாழ்க்கைக்கும் அங்கே ஒரு வரி உண்டு. இப்பதிவைப் படித்துப் பழகிய ஒருவர் மீண்டும் ஆற்றுப்படை நூல்களைக் கற்கும்போது, அங்கே காணப்படாதோரைப் பற்றி வினவாமல் இருக்க இயலாது.

ஐயம் பற்றிய செய்தியிலும் இத்தகைய பயன் உண்டு. பிற்காலப் பதிப்புகளில், அரும்பொருளைத் தேடியும் சூழ்ச்சி கருதியும் வருவோர் சிலர் பொய்ப்பெயர் பூண்டு, கலைஞராகவும் பிறராகவும் கோட்டைக்குள் நுழைகின்றனர். அதனால் விளையாடுவோர் உண்மைக் கலைஞரையும் ஐயுறத் தொடங்குகின்றனர். சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூர்க்குச் சென்ற இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்ததும், கோவூர்கிழார் பாடி அவனை மீட்டதும் புறநானூறு கூறும் செய்தி. ஊர்விட்டு ஊர் செல்லும் உரிமையே கலைஞனைப் பயனுடையவனாகவும் ஐயத்துக்குரியவனாகவும் ஆக்குகிறது. ஒரு பாடலில் தனி நிகழ்ச்சியாகக் கண்டதை, விளையாட்டு மீண்டும் மீண்டும் நிகழும் அமைப்பு விளைவாகக் காட்டுகிறது. கோவூர்கிழார் போல் ஒருவர் இடையிட்டுப் பாடி மீட்கும் வாய்ப்பு மட்டும் அங்கு இல்லை.

ஆய்வுக்கு எஞ்சுவது

தமிழ்த்துறைகளில் கணினித் தமிழ் என்பது பெரும்பாலும் எழுத்துரு, சொல்வங்கி, தொடரடைவு, இயந்திர மொழிபெயர்ப்பு என்னும் எல்லைக்குள் அமைகிறது. இவை தேவையானவை. ஆயினும் சங்ககாலச் சமூகத்தைக் கணினியில் இயங்கும் மாதிரியாக அமைத்துப் பார்க்கும் முயற்சி எழுமாயின், முதலில் முடிவு செய்ய வேண்டியது நிரல்மொழியை அன்று, வகைப்பாட்டையே. ஏற்கெனவே உள்ள விளையாட்டுகளின் கட்டமைப்பைக் கடன்கொண்டு அதன்மேல் தமிழ்ப் பெயர்களைச் சூட்டினால், சிறுபாணனும் உமணனும் அதியமானின் படையும் ஒரே அலகின் மூன்று பெயர்களாகி விடுவர். காண்பதற்கு அழகிய சங்க உலகம் ஒன்று கிடைக்கும். அதில் எவர்க்கும் பசி இராது.

அத்தகைய மாதிரிக்கு அடிப்படை அலகாக இருக்க வேண்டியன தேவை, வழியறிவு, பெற்றதைப் பகிர்தல் ஆகிய மூன்றும் எனக் கொள்ளலாம். தேவை இன்றேல் குழு புறப்படாது. வழியறிவு இன்றேல் சென்றடையாது. பகிர்தல் இன்றேல் அடுத்த குழு புறப்படாது. உமணர் விட்டுச்சென்ற அடுப்புக் கற்களில் மழவர் ஊன் சமைக்கும் அகநானூற்றுக் காட்சியை இங்கு நினைவுகூரலாம். முன்சென்றோர் விட்டுச்சென்றது, அவர்கள் எண்ணியிராத பின்வருவோர்க்குப் பயன்படுகிறது. வழி என்பது இவ்வாறு படிப்படியாகச் சேர்ந்த எச்சங்களால் ஆனது. அதனைக் கணிக்கும் மாதிரிக்கு இருப்பிடமும் இலக்கும் மட்டும் போதா.

இப்பணியைப் பொறியாளர் தாமே செய்துகொள்வர் என விட்டுவிடுதல் பொருந்தாது. கூத்தர்க்கும் பொருநர்க்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தோர் தமிழ்த்துறைகளில் உள்ளனர். அவ்வேறுபாடு மாதிரியின் அடித்தளத்தில் இடம்பெற வேண்டுமெனில், அடித்தளம் இடப்படும் வேளையில் அவர்கள் அங்கிருத்தல் வேண்டும். கட்டி முடித்தபின் பெயர்ப்பலகை எழுத அழைக்கப்படுவதால் பயன் இல்லை.

முடிவுரை

ஆடம்ஸ் சகோதரர்களின் விளையாட்டு இன்னும் முற்றுப்பெறவில்லை. ஆண்டுதோறும் வளர்ந்து வருவது. இன்று அதில் இல்லாதது நாளை இடம்பெறலாம். ஆகவே இங்குக் கூறியன அதன்மீது சுமத்தும் குற்றங்கள் அல்ல. பயணக் குழுவை இலக்கு நோக்கி நகரும் கூட்டமாகக் காணும் பார்வைக்கும், தேவையால் உந்தப்பட்டுப் பிறர் சொல்லால் வழிநடக்கும் கூட்டமாகக் காணும் பார்வைக்கும் உள்ள இடைவெளியை அது தெளிவாகக் காட்டுகிறது. முதற்பார்வை மீளாதோரையும் எண்ணிவைக்கிறது. இரண்டாம் பார்வை அவர்கள் ஏன் புறப்பட்டனர் என்று அறிந்திருக்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும் வகையில் இரண்டையும் ஒருங்கே கற்பது தமிழாய்வுக்கு ஆக்கம் தரும். பசியையும் பாட்டையும் விட்டுவிட்டுப் பாணனை எண்ணிக்கையில் மட்டும் காக்கும் மாதிரி எத்துணை நுட்பமானதாயினும், அது காப்பது பாணன் நடந்த தடத்தையே, பாணனை அன்று.